கவிழ்வதற்கு முன் ஆறு சென்டிமீட்டர்

அமெரிக்க ராணுவத்தில் எம்151 ஜீப்பை ஓட்டியவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் ஆளும் இல்லை, சரக்கும் இல்லை என்றால், காலித் தோட்டாப் பெட்டி ஒன்றில் மணலை நிரப்பிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஏற்ற வேண்டிய சரக்கு வந்ததும் மணலைக் கொட்டிவிட்டுக் கிளம்புவார்கள். வண்டி கவிழாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்துக்கொண்ட கைவைத்தியம் அது.

ஃபோர்டு நிறுவனம் வடிவமைத்த இந்த ஜீப் 1960-களில் ராணுவத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய வில்லிஸ் ஜீப்பைவிட இது கொஞ்சம் அகலம். பழைய ஜீப்பில் இடது, வலது சக்கரங்களின் நடுவுக்கு நடு தூரம் 49 அங்குலம். இதில் 53 அங்குலம். அகலம் கூடினால் வண்டி நிலையாக நிற்க வேண்டும் அல்லவா? ஆனால் வளைவுகளில் உருண்டு பேர் கெட்டது புதிய ஜீப்தான். காரணம் பின் சக்கரங்களைத் தாங்கிய அச்சின் அமைப்பு. அந்த அச்சு நடுவில் மடங்கி ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடும். வேகமாக வளைக்கும்போது வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் அடிவயிற்றை நோக்கி உள்ளே மடியும். சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் குறையும். அதே நொடியில் வண்டியின் பின்பகுதி மேலே எழும்பும். அகலமும் போய், உயரமும் ஏறி, இரண்டு பக்கத்திலும் நஷ்டம். பின்னால் கனம் இருந்தால் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். சக்கரம் அவ்வளவு எளிதில் மடியாது. மணல் பெட்டி வேலை செய்தது அதனால்தான்.

1970-ஐ ஒட்டி வந்த எம்151ஏ2 வகையில் பின் அச்சை மாற்றினார்கள். கவிழ்வது குறைந்தது; நிற்கவில்லை. பிறகு தலைக்கு மேல் இரும்புக் கூண்டு பொருத்தினார்கள். ஓய்வு பெற்ற ராணுவ வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்பது அமெரிக்காவில் வழக்கம் என்றாலும், இந்த ஜீப்பைச் சாலைக்கு ஏற்றதல்ல என்று சொல்லிப் பலவற்றை வெட்டித் துண்டாக்கித்தான் வெளியே அனுப்பினார்கள்.

மலைப்பாதையிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்டுவதற்கென்று வண்டி வாங்குபவர்கள் இந்த ஜீப்பின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. காட்டுப்பாதைக்கு உயரமான வண்டி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லில் அடிப்பாகம் இடிக்கக் கூடாது, ஓடையில் இன்ஜினுக்குள் தண்ணீர் போகக் கூடாது. உண்மைதான். அந்த உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கணக்கு பள்ளிக்கூட அளவுக்கு எளியது. வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டால், குண்டு நான்கு டயர்களுக்கு உட்பட்ட இடத்தில் இருக்கும்வரை வண்டி நிற்கும். தாழ்ந்த பக்கத்து டயரைத் தாண்டிவிட்டால் கவிழும். ஆகவே இரண்டே அளவுகள்தான் முக்கியம்: சக்கர அகலத்தில் பாதி, ஈர்ப்பு மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, 2001 மாடல் வண்டிகளிலிருந்து, கவிழும் வாய்ப்பைத் தரப்படுத்தப் பயன்படுத்துகிறது. சாதாரண கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. எஸ்யூவி, பிக்கப், வேன் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை.

கவனியுங்கள், இங்கே உயரம் என்பது வண்டியின் கூரை உயரம் அல்ல. கூரை உயரமாக இருந்தாலும் அது மெல்லிய தகடு என்றால் பெரிய பாதிப்பில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க், ஆட்கள், சாமான் எல்லாம் எந்த மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. அகலமும் அப்படித்தான், கண்ணாடியிலிருந்து கண்ணாடி வரை அளப்பது அல்ல, டயர் தரையைத் தொடும் இடங்களுக்கு இடையிலுள்ள தூரம்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சக்கர அகலம் 150 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். பாதி அகலமும் 75 என்பதால் விகிதம் சரியாக 1. அதாவது 45 டிகிரி பக்கவாட்டுச் சரிவு வரைக்கும் இந்த வண்டி காகிதத்தில் கவிழாது. 45 டிகிரி சரிவில் மனிதன் நிற்பதே கஷ்டம். அப்படியிருக்க, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் 20, 25 டிகிரிச் சரிவைக் குறுக்காகக் கடக்கவே ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்?

காகிதத்தில் உள்ள சரிவு வழவழப்பானது. மலையில் உள்ள சரிவு அப்படியில்லை. 25 டிகிரிச் சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கச் சக்கரங்கள் 20 சென்டிமீட்டர் உயரமான பாறை விளிம்பில் ஏறுகின்றன, பள்ளத்துப் பக்கச் சக்கரங்கள் மழைநீர் அறுத்த 15 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகின்றன என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 35 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு. 150 சென்டிமீட்டர் அகலத்தில் அது மேலும் 13 டிகிரிக்குச் சற்று அதிகமான சாய்வு. பழைய வில்லிஸ் ஜீப் அளவுக்குக் குறுகிய வண்டி என்றால் அதே பாறையும் அதே பள்ளமும் 16 டிகிரிக்கு மேல் சாய்த்துவிடும். அகலத்தால் கிடைக்கும் இரண்டாவது லாபம் இது. கவிழும் எல்லையை அது தள்ளி வைக்கிறது, அதோடு தரையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் சின்னச் சாய்வாக மாற்றிக் கொடுக்கிறது.

ஆக 38 டிகிரி ஆயிற்று. வண்டி சாய்ந்ததும் பள்ளத்துப் பக்கத்து ஸ்பிரிங்குகள் அமுங்கும், மேட்டுப் பக்கத்து ஸ்பிரிங்குகள் நிமிரும், பள்ளத்து டயர்கள் பிதுங்கும். அதில் இன்னும் சில டிகிரி போகும். மணலுக்காகவோ சேற்றுக்காகவோ டயரில் காற்றைக் குறைத்திருந்தால் இந்தப் பிதுக்கம் கூடும். 45-ல் மிச்சம் என்ன இருக்கிறது என்று இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகிரிக் கணக்கில் தெரியாத இன்னொன்றும் உண்டு. இந்த விஷயத்தில் மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். வண்டி கவிழ வேண்டுமானால் அதன் ஈர்ப்பு மையம் முதலில் மேலே ஏற வேண்டும். தாழ்ந்த டயருக்கு நேர் மேலே வந்த பிறகுதான் அந்தப் பக்கம் விழும். சமதரையில் நம் வண்டியின் ஈர்ப்பு மையம் 75 சென்டிமீட்டரில் இருக்கிறது. கவிழும் கணத்தில் அது 106 சென்டிமீட்டரில் இருக்கும். அதாவது 1,800 கிலோ கனத்தை 31 சென்டிமீட்டர் தூக்கினால்தான் வண்டி உருளும். அவ்வளவு சுலபமில்லை. அதே வண்டி 25 டிகிரிச் சரிவில் குறுக்காக நிற்கும்போது, பள்ளத்து டயரிலிருந்து அளந்தால், ஈர்ப்பு மையம் ஏற்கெனவே கிட்டத்தட்ட 100 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது சுமார் 6 சென்டிமீட்டர்.

45-ல் 25 போனால் 20 டிகிரி மிச்சம், பாதிக்குப் பாதி பத்திரம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் 31 சென்டிமீட்டரில் 25 சென்டிமீட்டர் ஏற்கெனவே போய்விட்டது. ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்பு செலவாகிவிட்டது. மிச்சமுள்ள ஆறு சென்டிமீட்டருக்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. கொஞ்சம் வேகமாகப் போய் ஒரு கல்லில் ஏறினால் ஸ்பிரிங் எகிறும் எகிறலே அந்த அளவுக்குத் தூக்கிவிடலாம். சரிவில் ஆமை வேகத்தில் போகச் சொல்வது இதனால்தான். அந்த இடத்தில் வண்டி நிலையாக நிற்பதுபோலவே தெரியும். ஓட்டுபவருக்கு ஆபத்தின் அறிகுறி எதுவும் உடம்பில் படாது. அறிகுறி தெரியும்போது உருளத் தொடங்கியிருக்கும்.

இனி இந்த வண்டியில் நாமே செய்துகொள்ளும் மாற்றங்களைப் பார்க்கலாம். உடலை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 80-க்குப் போகும். கூரை கேரியரில் கூடாரம், தண்ணீர் கேன், ஸ்பேர் டயர் என்று 100 கிலோ ஏற்றினால், 1,800 கிலோ வண்டியில் அது இன்னும் ஆறு சென்டிமீட்டர் கூட்டும். இப்போது கவிழும் எல்லை 41 டிகிரி. வெறும் நான்கு டிகிரிதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் 25 டிகிரிச் சரிவில் மிச்சமிருந்த 6.4 சென்டிமீட்டர் இப்போது 4.5 ஆகிவிட்டது. முன்பு பார்த்த பாறையும் பள்ளமும் வந்தால், ஸ்பிரிங் அமுங்கலையும் சேர்த்து, வண்டி எல்லையைத் தாண்டிவிடும். அதே இடத்தை லிஃப்ட் போடாத, கூரையில் சாமான் ஏற்றாத வண்டி தட்டுத்தடுமாறிக் கடந்திருக்கும்.

இன்னொன்று: அச்சு முழுவதும் ஒரே தண்டாக இருக்கும் வண்டியில் லிஃப்ட் கிட் அடிப்பாகத்தின் உண்மையான தாழ்ந்த புள்ளியை உயர்த்துவதே இல்லை. கல்லில் இடிப்பது அச்சின் நடுவில் குடம் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். லிஃப்ட் போடுவதற்கு வேறு நியாயங்கள் உண்டு, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், ஏறும்போது முன்மூக்கு இடிக்காது. ஆனால் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும்.

உயரத்தையும் நிலைப்பையும் ஒன்றாகப் பெற முடியாதா? முடியும் என்று காட்டியது எம்151-க்குப் பிறகு 1980-களில் வந்த ஹம்வீ. அதன் அளவுகளைப் பார்த்தால் வடிவமைத்தவர்களின் மனம் தெரியும். உயரம் சுமார் 1.83 மீட்டர், மேற்கூரை கட்டிய பழைய வில்லிஸைவிடச் சில சென்டிமீட்டரே அதிகம். அகலமோ 2.16 மீட்டர், வில்லிஸைவிட ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் கூட. சக்கர அகலம் 1.82 மீட்டர். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 40 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி.

இவ்வளவு இடைவெளி கொடுத்தும் உடலை ஏன் உயர்த்த வேண்டியிருக்கவில்லை? ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் ஒரு சிறிய கியர் பெட்டி வைத்தார்கள். இன்ஜினிலிருந்து வரும் தண்டு சக்கரத்தின் மையத்துக்கு மேலே வந்து சேரும். கியர் அதைக் கீழே இறக்கிச் சக்கரத்தைச் சுற்றும். ஜெர்மனியின் யூனிமாக் இதே வகை யோசனையை 1940-களின் கடைசியிலேயே கையாண்டது. இதனால் டிஃபரன்ஷியல் மேலே போய் உடலோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப் போன இயந்திரத்துக்கு உள்ளே இடம் வேண்டும் அல்லவா? ஆட்களை அதற்கு மேலே உட்காரவைக்காமல் பக்கவாட்டில் உட்காரவைத்தார்கள். ஹம்வீக்குள் ஏறிப் பார்த்தால் நான்கு பேரும் நான்கு மூலையில் இருப்பார்கள். நடுவில் மேஜை அகலத்துக்கு ஒரு மேடு. இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான வண்டியில் நான்கே பேர் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆட்கள் இயந்திரத்துக்கு மேலே அல்லாமல் அருகில் தாழ உட்கார்ந்ததால்தான் ஈர்ப்பு மையம் தாழ்ந்தது. இத்தனையும் செய்த பிறகு அதற்குக் குறிக்கப்பட்ட பக்கச்சரிவு எல்லை 40 சதவீதம், டிகிரியில் 22-ஐ ஒட்டியது. இவ்வளவு அகலமான வண்டிக்கே அவ்வளவுதான் அனுமதி.

பிறகு இராக் போர் வந்தது. குண்டுகளிலிருந்து காக்க அதே ஹம்வீக்குக் கனமான கதவுகள், கவசக் கண்ணாடி, கூரை மேல் துப்பாக்கி வீரனைச் சுற்றி எஃகுச் சுவர் என்று ஏற்றினார்கள். எடை மேலே குவிந்தது. கால்வாய்க் கரைகளில் மண் சரிந்து வண்டி உருண்டு வீரர்கள் இறந்தார்கள். கவிழ்ந்த ஹம்வீயிலிருந்து வெளியேறுவதற்கென்றே, ஹம்வீயின் உடலைச் சுழலும் சட்டத்தில் பொருத்தித் தலைகீழாகச் சுற்றும் பயிற்சிக் கருவியைச் செய்தார்கள். சக்கர அகலம் ஒரு அங்குலமும் குறையவில்லை. கனம் ஏறிய மட்டம்தான் மாறியது.

அப்படியென்றால் எல்லா வண்டியையும் ஹம்வீ மாதிரி அகலமாகச் செய்துவிடலாமே? அகலத்துக்கும் விலை உண்டு. பாதை இரண்டு மீட்டர் என்றால் 2.16 மீட்டர் வண்டி போகவே முடியாது. மரங்களுக்கு நடுவே நுழையாது. மலை விளிம்பில் ஒரு பக்கச் சக்கரம் மண் உதிரும் ஓரத்தில் ஓட வேண்டியிருக்கும். அமெரிக்க மரைன் படையின் ஆஸ்ப்ரே விமானத்துக்குள் ஹம்வீ நுழையாது என்பதால் அதற்கென்றே க்ரவுலர் என்ற ஒடுக்கமான வண்டியைத் தனியாக வாங்கினார்கள். இந்தியாவில் ஓடும் சுசுகி ஜிம்னியின் அகலம் சுமார் 1.65 மீட்டர்தான், சக்கர அகலம் 1.4 மீட்டர். அது ஒற்றையடி மாதிரியான தடங்களில் நுழைந்து போகிறது என்றால் காரணம் அந்த ஒடுக்கம். பாறையின் மேல் ஏறாமல் சுற்றிப் போக இடமிருந்தால் அதுவே ஒரு பாதுகாப்பு.

ரிம்மின் அமைப்பை மாற்றியோ ஸ்பேசர் எனப்படும் இடைவில்லை போட்டோ சக்கர அகலத்தைக் கூட்டுபவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள்: விகிதம் 1 இருக்கும் வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், பழைய நிலைப்பு திரும்ப வர ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். மொத்தம் 10. அவ்வளவு தள்ளினால் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

ஓட்டும் முறையிலும் இதே வடிவியல்தான். சரிவை முடிந்தவரை நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம், வண்டி நீளவாட்டில் நிற்கும்போது அகலத்தின் இடத்தை முன் பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் பிடித்துக்கொள்கிறது. மஹிந்திரா தாரில் அது 2.45 மீட்டர். நம் உதாரண வண்டியின் 75 சென்டிமீட்டர் ஈர்ப்பு மையத்தோடு அந்த நீளத்தைச் சேர்த்தால் எல்லை 58 டிகிரியைத் தாண்டும். குறுக்கே போகும்போது வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்வதாகத் தோன்றினால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்தை நோக்கித் திருப்ப வேண்டும். மனசு ஒப்பாத காரியம். கை தானாக மேட்டை நோக்கித்தான் திருப்பும். ஆனால் பள்ளத்தை நோக்கி வளைத்தால் வளைவின் விசை வண்டியை மேட்டுப் பக்கம் தள்ளும். கூடவே வண்டி நீளவாட்டில் சரிவைப் பார்த்து நிற்கத் தொடங்கும். மேட்டை நோக்கி வளைத்தால் அதே விசை பள்ளத்துப் பக்கம் தள்ளும். மிச்சமிருக்கும் ஆறு சென்டிமீட்டரை அது தின்றுவிடும்.

சரிவில் டயர் வழுக்கினால் நல்லதா கெட்டதா? வழுக்குவது மட்டும் என்றால் பெரும்பாலும் வண்டி கவிழாது, பக்கவாட்டில் நழுவும். நழுவும் டயர் ஒரு கல்லிலோ வேரிலோ இளகிய மண்ணிலோ தட்டி நின்றால்தான் உடல் மட்டும் ஓட்டத்தில் மேலே எழும்பி உருளும். அமெரிக்கச் சாலைகளிலும் தனி வண்டி உருண்ட விபத்துகளில் 95 சதவீதம் இப்படித் தட்டுப்பட்டு உருண்டவைதான் என்கிறது அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை.

கடைசியாக, நம் மலைகளில் அதிகம் நடக்கும் ஒன்று. சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் செல்லும் கரடுமுரடான ஜீப் பாதையும் அதுபோன்ற மற்ற மலைத்தடங்களும் இன்று சுற்றுலாவுக்குப் பேர் போனவை. அங்கே வண்டி ஓட்டுபவர்கள் பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள். ஏற்றிச் செல்லும் ஆட்கள் அறியாதவர்கள். நம் உதாரண வண்டியின் அகலமும் ஈர்ப்பு மையமும் கொண்ட 1,500 கிலோ ஜீப்பில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஈர்ப்பு மையம் ஏழு சென்டிமீட்டர்போல உயரும். அதே ஆறு பேர் காட்சி பார்க்கவும் படம் பிடிக்கவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் பதினைந்து சென்டிமீட்டர் உயரும். எந்த லிஃப்ட் கிட்டும் ஒரே நொடியில் இவ்வளவு உயர்த்துவதில்லை. 25 டிகிரிச் சரிவில் கவிழ்வதற்கு முன் மிச்சமிருப்பது நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறுகிறவர்கள் வண்டி நின்ற பிறகு எழுந்து படம் எடுங்கள், ஓடும்போது உட்கார்ந்திருங்கள். பெல்ட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் தண்ணீர் கேன்களையும் கனமான பெட்டிகளையும் கூரையிலிருந்து இறக்கி, இருக்கைக்குப் பின்னால் தரைத்தட்டில் கட்டிவையுங்கள்.